இழுத்தால் மூழ்கும், விட்டால் மிதக்கும்!



முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவையைக் குளங்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது நீரின்மேல் இருக்கும். அடுத்த கணம் காணோம்! சற்றுத் தள்ளி, எதிர்பாராத இடத்தில் மறுபடி தலை தூக்கும். பறவைக்கு உயிர் இருக்கிறது, கால்கள் இருக்கின்றன. நீரைத் தள்ளி மூழ்குகிறது. உயிரும் இல்லாத, மோட்டாரும் இல்லாத, தக்கைபோல் மிதக்கும் ஒரு சிறு ஃபோம் துண்டு இதே வித்தையைச் செய்யுமா?

செய்யும். அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் அப்படிப்பட்ட ஒரு பொய் இரையைக் கையாலேயே கட்டிக்கொள்கிறார்கள். நீர்மேல் மிதந்துகொண்டிருக்கும் அதை நரம்பைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தால், மேலே எழும்பாமல் நீருக்குள் பாய்கிறது. இழுப்பதை நிறுத்தினால் தானாக மேலே வந்துவிடுகிறது. இதற்கு அங்கே 'டைவர்' என்று பெயர். முக்குளிப்பான் என்றே நாமும் அழைக்கலாம்.

என்னிடம் படித்து, இப்போது விஸ்கான்சின் மாநிலத்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இப்படி ஒன்றை ஒரு தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். வாளி நீரில் போட்டு இழுத்தோம். அழகாக மூழ்கி எழுந்தது. அவர் போன பிறகு, 'இது என்ன பெரிய வித்தை?' என்று நானே ஒன்று செய்தேன். நன்றாக மிதக்கட்டும் என்று தாராளமாக ஃபோம் வைத்தேன். மிதந்தது, மிக நன்றாகவே மிதந்தது. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் மூழ்க மறுத்தது! நீரைச் சிதறடித்துக்கொண்டு மேற்பரப்பிலேயே ஓடியது. ஆண்டுதோறும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தொலைபேசியில் சொன்னேன். மாணவர் சிரித்துவிட்டு, "சார், நீங்க மிதக்கிறதைப் பத்தி மட்டும்தான் யோசிச்சிருக்கீங்க. அது மூழ்கவும் வேணுமே!" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் பௌதிகத்தைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

பாஸும் பொய் இரையும்

பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். அகன்ற வாய் உடைய இனம் ஏரிகளிலும் குளங்களிலும் அல்லி இலைகளுக்கும் நீர்ப்பாசிகளுக்கும் இடையே பதுங்கியிருந்து, அருகில் வரும் சிறு மீன், தவளை, நன்னீர் இறால் போன்றவற்றைத் திடீரென்று பாய்ந்து விழுங்கும். 1932ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ எடை இருந்தது. அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் கழித்து, 2009இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர்தான் எட்டிப்பிடித்தார். ஜப்பானில் இந்த மீன் இயற்கையாக இருந்ததன்று; 1925இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டது.

கோடைக் காலத்தில் காலையிலும் மாலையிலும் பாஸ் நீரின் மேற்பரப்புக்கு வந்து இரை தேடும். அப்போது மேற்பரப்பில் தத்தளிக்கும் தவளையைப் போல ஒன்று தோன்றினால் அதன் கவனம் திரும்பும். இதை மனிதர் அறிந்து வெகுகாலம் ஆயிற்று. வில்லியம் பார்ட்ரம் என்ற இயற்கை ஆய்வாளர் 1791இல் வெளியிட்ட தம் பயண நூலில், தென்கிழக்கு அமெரிக்காவில் மான் வால் முடியையும் பறவை இறகையும் முள்ளில் கட்டி, நீர்மேல் ஆட்டி மீன் பிடித்ததை விவரித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரில் எர்னஸ்ட் பெக்கின்பா என்பவர் தக்கையில் செய்த பொய் இரைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் லாரி டால்பெர்க் என்பவர் மான் முடியை முள்ளில் நெருக்கமாகக் கட்டி, கத்தரித்து, இழுத்தால் மூழ்கும் வடிவத்தை உருவாக்கினார். அந்த வடிவமே இன்று அவர் பெயரால் 'டால்பெர்க் டைவர்' என்று அழைக்கப்படுகிறது.

இவ்வகை மீன்பிடிப்பில் பொய் இரை மிக லேசாக இருக்க வேண்டும். சாதாரணத் தூண்டிலில் நுனியில் உள்ள எடை பறந்து சென்று நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கோ நேர்மாறு. தடித்த, கனமான கயிற்றைச் சாட்டைபோல் வீசுகிறார்கள்; கயிறு பறந்து சென்று இரையைக் கொண்டுசேர்க்கிறது. பாஸ் மீனுக்குப் பலர் பயன்படுத்தும் 8ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம் எடை உடையது. அதன் நுனியில் போகும் இரையோ ஏறக்குறைய ஒரு கிராம்தான்!

ஏன் ஃபோம்?

மான் முடிக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. அதனால்தான் மிதக்கிறது. ஆனால் நேரம் செல்லச் செல்ல, முடிகளின் இடுக்குகளில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு நீர் புகுந்துகொள்ளும். இரை தாழ்ந்துபோகும்; அடிக்கடி பிழிந்து உலர்த்த வேண்டும்.

ஃபோமில் இருவகை உண்டு. குளிக்கும்போது பயன்படுத்தும் ஸ்பாஞ்சில் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். நீரில் போட்டால் குடித்துக் கனத்துவிடும். காலில் அணியும் ரப்பர் செருப்பைப் பாருங்கள். அதன் அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. ஓர் அறையில் இருந்து மற்றோர் அறைக்கு வழியில்லை. நீர் உள்ளே நுழைய முடியாது. நாள் முழுவதும் நீரில் கிடந்தாலும் அதன் எடை ஏறாது. பொய் இரைக்குப் பயன்படுவது இந்த மூடிய அறை ஃபோம்தான். அமெரிக்காவில் பழைய செருப்பை வெட்டிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்!

மூழ்கவைப்பது எது?

மிதக்கும் பொருளை மூழ்கவைக்க வேண்டுமானால் கீழ்நோக்கி ஒரு விசை வேண்டும். ஆனால் தூண்டில்காரர் முன்னோக்கித்தானே இழுக்கிறார்? கீழ்நோக்கிய விசை எங்கிருந்து வருகிறது?

விடை, தலையின் வடிவத்தில் இருக்கிறது. முக்குளிப்பானின் தலையைப் பக்கவாட்டில் பார்த்தால் ஆப்புபோல் தெரியும். முன்னால் கூர்மை, பின்னே போகப்போக உயரம். அடிப்பக்கம் மட்டம், மேற்பக்கம்தான் சாய்வு. சாய்வு முடியும் இடத்தில் சட்டைக் காலர் நிமிர்ந்து நிற்பதுபோல ஒரு விளிம்பு எழும்பி நிற்கும்.

இதை முன்னே இழுக்கும்போது, எதிர்ப்படும் நீர் சாய்வின்மேல் ஏறி, காலரில் மோதி, மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். தலை நீரை மேலே தள்ளினால், நீர் தலையைக் கீழே தள்ளும்! அடிப்பக்கம் மட்டமாக இருப்பதால் அங்கே இதற்கு எதிரான தள்ளல் இல்லை. ஆகவே தலை நீருக்குள் பாய்கிறது. நீரில் சறுக்கிச் செல்லும் படகின் அடிப்பாகம் சாய்வாக இருப்பதால் படகு மேலே தூக்கப்படுகிறது அல்லவா? முக்குளிப்பான் தலைகீழாகக் கவிழ்த்த படகு எனலாம்.

இங்கே இரண்டு விசைகள் போட்டியிடுகின்றன. ஒன்று மிதப்பு விசை. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அது எப்போதும் இருக்கும். மற்றொன்று நீரோட்டத்தின் தள்ளல். அசையும்போது மட்டுமே பிறக்கும். இழுக்கும்போது இரண்டாவது வெல்கிறது. நிறுத்தியவுடன் அது மறைந்துவிடுகிறது; காத்திருந்த மிதப்பு விசை இரையை மேலே கொண்டுவந்துவிடுகிறது. வித்தையின் ரகசியம் இவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்கு

ரகசியம் தெரிந்தாலும் அளவு தெரியாவிட்டால் என் கதிதான் உங்களுக்கும்! எனவே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஃபோமின் கன அளவு 2 கன செ.மீ., அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.1 கிராம் என்று கொள்வோம். அதன் எடை 0.2 கிராம். முள், நூல், இறகு எல்லாம் சேர்ந்து 0.8 கிராம் எடையும் 0.1 கன செ.மீ. கன அளவும் உடையவை என்போம். ஆக மொத்த எடை 1 கிராம். மொத்தக் கன அளவு 2.1 கன செ.மீ.

மிதத்தல் விதிப்படி இது 1 கிராம் நீரை, அதாவது 1 கன செ.மீ. நீரை, இடம்பெயர்த்து மிதக்கும். மீதி 1.1 கன செ.மீ. நீருக்கு வெளியே இருக்கும். இதை முழுவதும் மூழ்கடிக்க வேண்டுமானால் 1.1 கிராம் எடைக்குச் சமமான விசையால் கீழே அழுத்த வேண்டும்.

சாய்வும் காலரும் சேர்ந்து நீரைத் தாங்கும் பரப்பு 2 சதுர செ.மீ. என்று கொள்ளுங்கள். ஓடும் நீரின் அழுத்தம், அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, வந்ததில் பாதி. அதைப் பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். சாய்வின் காரணமாக அதில் ஏறக்குறைய பாதி கீழ்நோக்கிச் செயல்படுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் நீரின் போக்கு இதைவிடச் சிக்கலானது. ஆயினும் விசை எந்த அளவில் இருக்கும் என்று அறிய இது போதும்.

வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் இழுத்தால் கீழ்நோக்கிய விசை சுமார் 0.46 கிராம் எடை. தேவைப்படுவது 1.1, ஆகவே மூழ்காது. வேகத்தை 60 செ.மீ. ஆக்குங்கள். வேகம் இரு மடங்கானால் விசை இரு மடங்கா? இல்லை, இருமடி விதிப்படி நான்கு மடங்கு! 1.84 கிராம் எடை. இப்போது மூழ்கிவிடும். எல்லை வேகம் வினாடிக்கு 46 செ.மீ. மெதுவாக இழுத்தால் தவளை நீந்துவதுபோல் மேலே சிற்றலை எழுப்பிச் செல்லும். வெட்டி இழுத்தால் முக்குளிக்கும். ஒரே இரை, இரு வித நடை!

இனி என் தவற்றைப் பாருங்கள். தலையின் முகத்தை மாற்றாமல், ஃபோமை மட்டும் 4 கன செ.மீ. ஆக்கினால் என்ன ஆகும்? மொத்த எடை 1.2 கிராம்தான், ஆனால் மொத்தக் கன அளவு 4.1 கன செ.மீ. ஆகிவிட்டது. மூழ்கடிக்க 2.9 கிராம் எடை விசை வேண்டும். 60 செ.மீ. வேகத்தில் கிடைப்பதோ 1.84. முன்பு முங்கிய அதே இழுப்பில் இது முங்காது. இதற்கு வினாடிக்கு 75 செ.மீ. வேகம் தேவை.

அப்படியானால் ஃபோமை மிகவும் குறைத்துவிடலாமா? 1 கன செ.மீ. மட்டும் வைத்தால் மிஞ்சும் மிதப்பு 0.2 கிராம் எடைதான். முள்ளில் ஒரு பாசி இழை சிக்கினால் போதும். போன இரை திரும்பி வராது. ஆகவே மிதப்பு 'எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்பதன்று. மூழ்கவும் வேண்டும், மீளவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. அதைக் கண்டுபிடிப்பதே கட்டுபவரின் திறமை.

எப்படிக் கட்டுகிறார்கள்?

முதலில் முள்ளைச் சிறிய வைஸில் இறுக்கிப் பிடிக்கவைப்பார்கள். முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். வழவழப்பான எஃகில் ஃபோம் சுழன்றுவிடும். நூல் சுற்றினால் சொரசொரப்பு ஏற்பட்டுப் பசை பிடித்துக்கொள்ளும். அடுத்து, பின்பக்கம் வாலாக மென்மையான இறகுகளைக் கட்டுவார்கள். நீரில் இது உயிருள்ளதுபோல் அசையும். பட்டத்தின் வாலைப்போல இரையை நேராகவும் செலுத்தும்.

பிறகு ஃபோமைப் பிளேடால் ஆப்பு வடிவில் செதுக்கி, அடியில் நீளவாக்கில் ஒரு கீறல் இட்டு, பசை தடவித் தண்டின்மேல் அமர்த்துவார்கள். இங்கே கவனம் வேண்டும். ஃபோம் பெரும்பகுதி தண்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். கீழே இறங்கினால் முள்முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி அடைபட்டுவிடும். மீன் கவ்வினாலும் முள் பிடிக்காது. மேலும் ஃபோம் மேலேயும் கனமான முள் கீழேயும் இருந்தால்தான் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும்; இரை எப்படி விழுந்தாலும் நிமிர்ந்து கொள்ளும். கவிழ்ந்தே கிடந்தால், சாய்வு அடிப்பக்கம் வந்து, மூழ்க வேண்டியது படகாகிவிடும்!

கடைசியாக மெல்லிய ஃபோம் தகட்டில் வெட்டிய காலரைத் தலைக்குப் பின்னால் ஒட்டுவார்கள். நூலை இறுக்கும்போது முதல் சுற்றுகளைத் தளர்வாகவும் அகலமாகவும் போட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் நூல் கத்திபோல் ஃபோமை அறுத்துவிடும். ஒரே விசை சிறு பரப்பில் செயல்பட்டால் அழுத்தம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். அல்லி இலைகளுக்கு இடையே சிக்காதிருக்க, முள்முனைக்கு முன்னால் ஒரு நைலான் வளையத்தையும் சிலர் கட்டுவதுண்டு. மீனைக் காயமின்றித் திரும்ப நீரில் விட விரும்புவோர், முனையருகே பின்நோக்கி நிற்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கி மட்டமாக்கிவிடுகிறார்கள்.

'பொளக்' என்ற ஒலி

முக்குளிப்பான் மூழ்கும்போது காலரின் பின்னே ஒரு குழி உண்டாகிறது. அதில் அகப்பட்ட காற்று குமிழ்களாக நீருக்குள் இழுக்கப்படுகிறது. அப்போது 'பொளக்' என்று ஓர் ஒலி கேட்கும். குமிழ் ஏன் ஒலிக்க வேண்டும்? உள்ளே அடைபட்ட காற்று வில்சுருள்போல் சுருங்கி விரிகிறது. சுற்றியுள்ள நீர் அதனோடு அதிர்கிறது. மார்செல் மின்னார்ட் என்ற வானியல் அறிஞர் 1933இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழ் வினாடிக்கு ஏறக்குறைய 3,300 முறை அதிரும். ஆரம் 5 மி.மீ. ஆனால் 650 முறைதான். குமிழ் பெருத்தால் சுருதி தாழும். குடத்திலிருந்து நீர் ஊற்றும்போது கேட்கும் களகள ஒலியும் இதுவே.

மீனுக்குக் காதோடு கூட, உடலின் இருபுறமும் 'பக்கக்கோடு' என்ற புலனுறுப்பும் உண்டு. அருகில் நீர் அசைவதை அது உணரும். இரை மூழ்கும்போது ஒலி, குமிழ்த் தொடர், நீரசைவு மூன்றும் ஒருசேரச் செல்கின்றன. பிறகு அது மெல்ல மேலே எழும்பி அசையாது நிற்கிறது. பெரும்பாலும் அந்த அமைதியில்தான் பாஸ் பாயும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு மீனும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். ஒரு பழைய ரப்பர் செருப்பு, சிறு கம்பி, நூல், நீண்ட நீர்த்தொட்டி போதும். பிளேடைப் பெரியவர் ஒருவர் துணையோடு பயன்படுத்துங்கள். சோதனையைத் தொட்டியில் மட்டும் செய்யுங்கள். தனியாகக் கிணற்றுக்கோ ஏரிக்கோ போக வேண்டாம்.

1. செருப்பிலிருந்து 3 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலமுள்ள துண்டை வெட்டி, மிதக்கிறதா என்று பாருங்கள். அடியை மட்டமாக விட்டு, மேற்புறத்தை முன்னிருந்து பின்னே உயரும்படி சீவுங்கள்.

2. கம்பியை அடிப்பக்கமாக நீளவாக்கில் செருகி, முன்முனையில் ஊசிக்காதுபோல் வளையம் செய்யுங்கள். பின்முனையைக் கீழே வளைத்துவிடுங்கள். அதுவே முள்ளின் எடைக்குப் பதில்.

3. பழைய பிளாஸ்டிக் புட்டியில் ஓர் அரைவட்டம் வெட்டி, பின்னால் கீறலில் செருகுங்கள். இதுதான் காலர்.

4. வளையத்தில் நூலைக் கட்டி, கையை நீர்மட்டத்துக்கு அருகே வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் இழுங்கள். கையை உயரத் தூக்கி இழுத்தால் நூலே அதை மேலே தூக்கிவிடும். தூண்டில்காரர்களும் இதனால்தான் கோலின் நுனியை நீரருகே தாழ்த்திப் பிடிக்கிறார்கள்.

மூழ்கவில்லையா? மனம் தளர வேண்டாம். சாய்வின் முகத்தைக் குறைக்காமல், பின்பகுதியிலிருந்து ஃபோமைச் சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் அது தலையைக் கவிழ்த்து உள்ளே பாயும். இப்போது அதே துண்டின் கம்பியை மேற்பக்கமாக மாற்றிச் செருகிக் கவிழ்த்து இழுங்கள். நீரை விட்டு மேலே எழும்பிச் சறுக்கும்! பொருள் அதே, எடையும் அதே. சாய்வின் திசை மாறியதும் விளைவு நேர்மாறாகிவிட்டது.

என்னுடைய மூன்றாவது முயற்சியில் துண்டு மூழ்கியது. முதலில் வைத்த ஃபோமில் ஏறக்குறைய பாதி அப்போது மேசைமேல் துகள்களாகக் கிடந்தது. முதல் துண்டையும் நான் எறியவில்லை. ஆய்வகத்தில் இரண்டையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கிறேன். மிதத்தல் விதியைச் சொல்லிமுடித்த பிறகு, 'இவற்றில் நன்றாகச் செய்யப்பட்டது எது?' என்று மாணவர்களைக் கேட்பேன். உயரமாக மிதப்பதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதன் பிறகு நூலை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.